விண்டோஸ் டாஸ்க் மேனேஜர்: என்னவெல்லாம் மாறியிருக்கிறது, எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு, என்ன பண்ணலாம்?" என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, விண்டோஸில் என்னென்ன ஓடுகிறது, எது எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரின் ஸ்கிரீன்ஷாட்டைத்தான். அதை அனுப்பியதும் அடுத்த கேள்வி வரும்: இந்த எண்ணெல்லாம் என்ன? பல வருஷமாகத் தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அவற்றை உச்சரிப்பின்படி தமிழில் தருகிறேன்.

டாஸ்க் மேனேஜர் எப்போது வந்தது? யார் எழுதியது?

1996-ல் வெளியான விண்டோஸ் என்டி 4.0-வோடு வந்தது. எழுதியவர் டேவ் பிளம்மர், அப்போது மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்தவர். வீட்டில் தன் சொந்த நேரத்தில் எழுத ஆரம்பித்து, பிறகு அதை விண்டோஸோடு சேர்த்தார்கள். ஜிப் ஃபைல்களை ஃபோல்டர் மாதிரித் திறக்கும் வசதியும் அவர் வீட்டில் எழுதியதிலிருந்து வந்ததுதான். விண்டோஸ் 95 வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் டாஸ்க் மேனேஜர் கிடையாது, கன்ட்ரோல் + ஆல்ட் + டெலீட் அழுத்தினால் ஓடும் ப்ரோக்ராம்களின் சின்னப் பட்டியல் ஒன்று வரும், அவ்வளவுதான்.

பெரிய மாற்றம் எப்போது வந்தது?

இரண்டு முறை. முதலாவது 2012-ல், விண்டோஸ் 8-ல். அதற்கு முன்பு பட்டியலில் புரியாத பெயர்கள் வரிசையாக நிற்கும், எது எந்த ப்ரோக்ராமுக்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. விண்டோஸ் 8-ல் அவற்றை ஆப், பின்னணி வேலை, விண்டோஸின் சொந்த வேலை என்று பிரித்தார்கள். சிபியு (ப்ராசஸர்), ராம் (தற்காலிக நினைவகம்), டிஸ்க், நெட்வொர்க் நான்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எது அதிகம் எடுக்கிறதோ அந்தக் கட்டத்துக்கு அழுத்தமான நிறம் கொடுத்தார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த நிறம்தான் எல்லாவற்றிலும் பெரிய முன்னேற்றம், ஏனென்றால் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் போனிலேயே "எந்தக் கட்டம் ரொம்ப அடர்த்தியா இருக்கு, அந்த வரியைப் படிங்க" என்று சொல்லிவிட முடிகிறது.

இரண்டாவது 2022-ல், விண்டோஸ் 11-ன் 22எச்2 பதிப்பில். மேலே இருந்த டேப்கள் இடதுபக்க மெனுவாகின, டார்க் மோட் வந்தது, எஃபிஷியன்சி மோட் வந்தது. அதற்குப் பிறகு வந்தவை சின்னச் சின்ன மாற்றங்கள். அவற்றில் சில தோற்றத்தை விட முக்கியமானவை.

எப்படித் திறப்பது? டாஸ்க்பாரில் ரைட் கிளிக் செய்தால் வரவில்லையே?

கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப். இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும், டாஸ்க்பாரே உறைந்துபோன நேரத்திலும் பெரும்பாலும் வேலை செய்யும். 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது டாஸ்க்பாரின் ரைட் கிளிக் மெனுவிலிருந்து இதை எடுத்துவிட்டார்கள், நிறையப் பேர் குறைப்பட்டுக்கொண்டார்கள், 2022 அக்டோபர் அப்டேட்டில் திரும்ப வந்துவிட்டது. உங்களுக்கு இன்னும் வரவில்லை என்றால் அப்டேட் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

முழுத்திரையில் ஓடும் கேம் ஹேங் ஆகி, டாஸ்க் மேனேஜர் அதன் பின்னால் மறைந்துகொள்கிறதா? அமைப்புகளில் 'ஆல்வேஸ் ஆன் டாப்' என்பதை முன்கூட்டியே டிக் செய்து வையுங்கள்.

பட்டியல் குதித்துக்கொண்டே இருக்கிறது. ஒன்றைக் கிளிக் செய்யப் போனால் வேறொன்று வந்து நிற்கிறது.

கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடியுங்கள், பிடித்திருக்கும் வரை பட்டியல் அப்படியே நிற்கும். பலருக்குத் தெரியாத, ரொம்ப உபயோகமான விஷயம் இது. விண்டோஸ் 11-ல் 2023-ல் தேடல் பெட்டியும் வந்துவிட்டது, ப்ரோக்ராமின் பெயர், தயாரித்த நிறுவனம், பிஐடி எண் (ஓடும் ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் தரும் எண்) எதை வைத்தும் தேடலாம்.

ஒரு பக்கத்தில் சிபியு 100% என்கிறது, இன்னொரு பக்கத்தில் 50% என்கிறது. எது உண்மை?

இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் வேறு வேறு விஷயத்தை அளந்துகொண்டிருந்தன, அதை யாரும் பயனருக்குச் சொல்லவில்லை. விண்டோஸ் 8 முதல் ப்ராசஸ் பக்கமும் பெர்ஃபாமன்ஸ் பக்கமும் சிபியுவின் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டன. உதாரணத்துக்கு, அடிப்படை வேகம் 2 கிகாஹெர்ட்ஸ் உள்ள சிபியு டர்போவில் (தற்காலிகமாக வேகத்தைக் கூட்டும் நிலை) 4-க்குப் போய், பாதி நேரம் மட்டும் வேலை செய்து மீதி நேரம் சும்மா இருந்தது என்று வையுங்கள். நேரத்தை மட்டும் பார்த்தால் 50%, அடிப்படை வேகத்தில் எவ்வளவு வேலை நடந்திருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் 100%. டீடெய்ல்ஸ் பக்கம் நேரத்தை மட்டும் பார்த்தது. அதனால்தான் ஒரே நொடியில் இரண்டு பதில்.

2025-ல் விண்டோஸ் 11-ல் இதைச் சரிசெய்தார்கள். இப்போது எல்லாப் பக்கமும் நேரத்தை வைத்தே கணக்கிடுகின்றன, வெளியிலிருந்து நிறுவும் மற்ற கண்காணிப்புக் கருவிகள் காட்டும் எண்ணோடும் ஒத்துப்போகிறது. பழைய கணக்கு வேண்டும் என்பவர்கள் டீடெய்ல்ஸ் பக்கத்தில் 'சிபியு யுடிலிட்டி' என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்டேட் போட்ட பிறகு சிபியு உபயோகம் திடீரெனக் குறைந்த மாதிரித் தெரிந்தால் கணினி வேகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், அளக்கும் முறைதான் மாறியிருக்கிறது.

என் ப்ரோக்ராம் ஹேங் ஆகி நிற்கிறது, ஆனால் சிபியு வெறும் 12% தான் காட்டுகிறது. எப்படி?

எண்ணை சிபியுவின் எல்லாத் திரெட்களுக்கும் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பாதைகள்) பொதுவாகப் போட்டு வகுத்துக் காட்டுகிறார்கள். எட்டுத் திரெட் உள்ள சிபியுவில் ஒன்றை மட்டும் பயன்படுத்தத் தெரிந்த ப்ரோக்ராம் முழு மூச்சாக ஓடினாலும் 12.5-க்கு மேல் போகாது. பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் சிபியு கிராஃபில் ரைட் கிளிக் செய்து 'லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்' என்று மாற்றிப் பாருங்கள். எட்டுச் சின்னக் கட்டங்கள் வரும், அதில் ஏதாவது ஒன்று மட்டும் உச்சியில் நின்றால் விஷயம் அதுதான். ஒரே திரெட்டின் வேலையை விண்டோஸ் கட்டத்துக்குக் கட்டம் மாற்றியும் கொடுக்கும், அப்போது இரண்டு மூன்று கட்டங்கள் மாறி மாறி ஏறி இறங்கும். இந்தச் சூழ்நிலையில் அதிகத் திரெட் உள்ள சிபியு வாங்கினாலும் அந்த ப்ரோக்ராம் வேகமாகாது.

8 ஜிபி ராமில் 6 ஜிபி போய்விட்டது, நான் ஒன்றுமே திறக்கவில்லையே? ராம் கிளீனர் போடலாமா?

போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ராமைக் "காலி செய்து" தருவதாகச் சொல்லும் மென்பொருள்களால் கெட்டுப்போன கணினிகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவை செய்வது, ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்களை ராமிலிருந்து வெளியே தள்ளுவது. எண் குறைந்து பச்சையாக ஒரு டிக் வரும், நீங்கள் அடுத்து குரோமைத் தொட்டவுடன் அதே விஷயங்களை டிஸ்கிலிருந்து மறுபடி இழுத்து வர வேண்டியிருக்கும். அதாவது முன்பை விட ஸ்லோ.

பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் மெமரியைக் கிளிக் செய்து மூன்று எண்களைப் பாருங்கள். 'இன் யூஸ்' உண்மையிலேயே பயன்பாட்டில் இருப்பது. பக்கத்தில் அடைப்புக்குள் 'கம்ப்ரெஸ்ட்' என்று ஒரு அளவு இருக்கும், விண்டோஸ் 10 முதல், அப்போதைக்குத் தேவைப்படாத பகுதிகளை டிஸ்குக்கு அனுப்புவதற்கு முன்பு ராமிலேயே சுருக்கி வைக்கிறார்கள், அந்தக் கணக்கு இது. 'கேஷ்ட்' என்பது பழைய ஃபைல்கள் மறுபடி தேவைப்படலாம் என்று வைத்திருப்பது, யாராவது ராம் கேட்டால் அதில் பெரும்பகுதியை உடனே விட்டுக்கொடுத்துவிடும், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். மூன்றாவது 'கமிட்டட்', இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 11/13 ஜிபி என்ற மாதிரி இரண்டு எண் இருக்கும். ப்ரோக்ராம்களுக்கு விண்டோஸ் கொடுத்த வாக்குறுதி முதல் எண், ராமும் பேஜிங் ஃபைலும் (ராமுக்குத் துணையாக டிஸ்கில் வைக்கும் ஃபைல்) சேர்ந்து தாங்கக்கூடிய அளவு இரண்டாவது. முதலாவது இரண்டாவதை நெருங்கிவிட்டால், 'இன் யூஸ்' குறைவாகவே இருந்தாலும் ப்ரோக்ராம்கள் மூடிக்கொள்ள ஆரம்பிக்கும்.

அப்புறம், 8 ஜிபி வாங்கியும் 7.4 அல்லது 7.7 தான் காட்டுகிறது என்றால் ஏமாற்றப்படவில்லை. 'ஹார்ட்வேர் ரிசர்வ்ட்' என்ற வரியைப் பாருங்கள், சிபியுவோடு சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.

ராம் வேகம் முன்பு மெகாஹெர்ட்ஸில் இருந்தது, இப்போது எம்டி/எஸ் என்று இருக்கிறதே?

2024-ல் மாற்றினார்கள். டிடிஆர் வகை ராம் ஒரு கிளாக் துடிப்பில் இரண்டு முறை தரவை அனுப்பும், 3200 என்று விற்கும் ராமின் உண்மையான கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ். எனவே 3200 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதியது எப்போதுமே தவறுதான், விநாடிக்கு 3200 மெகா ட்ரான்ஸ்ஃபர் என்பதே சரி. எண் அதேதான், அலகு மட்டும் திருந்தியிருக்கிறது. 3200 வாங்கிப் போட்டும் 2400 அல்லது 2666 காட்டினால் கடைக்காரரிடம் போவதற்கு முன் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைந்திருக்கிறதா, உங்கள் சிபியு அந்த வேகத்தைத் தாங்குமா என்று பாருங்கள்.

டிஸ்க் 100% காட்டுகிறது, ஆனால் வேகம் விநாடிக்கு 1 எம்பி கூட இல்லை. வைரஸா?

பெரும்பாலும் இல்லை. இந்த 100% என்பது டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்ற கணக்கு, எவ்வளவு தரவை அள்ளியது என்ற கணக்கு வேறு. ரேஷன் கடையில் ஒரே ஒரு ஊழியர் நிற்கிறார், ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டிய பொருள் குடோனின் வேறு வேறு மூலையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை, ஆனால் வாங்கிப் போனவர்கள் பத்துப் பேர்தான். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் நடப்பது இதுதான். சின்னச் சின்ன ஃபைல்கள் அங்கங்கே சிதறிக் கிடக்க, படிக்கும் முனை அலைந்துகொண்டே இருக்கிறது. விண்டோஸ் அப்டேட்டும் வைரஸ் ஸ்கேனும் ஃபைல் தேடலுக்கான இண்டெக்ஸிங்கும் ஒரே நேரத்தில் கிளம்பினால் கேட்கவே வேண்டாம்.

விண்டோஸ் 10-ன் 2020 மே அப்டேட் முதல் டாஸ்க் மேனேஜரே உங்களுடையது எஸ்எஸ்டியா (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) ஹார்ட் டிஸ்கா என்று எழுதிக் காட்டுகிறது, கணினியைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. விண்டோஸ் இருக்கும் டிஸ்குக்கு எச்டிடி (ஹார்ட் டிஸ்க்) என்று வந்தால் என் பதில் ஒன்றுதான்: வேறு எதையும் மாற்றுவதற்கு முன் எஸ்எஸ்டிக்கு மாறுங்கள். அத்தை வீட்டில் ஆறு வருஷப் பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுகிற நிலைமையில் இருந்தார்கள், சிபியு 10 சதவீதத்தைத் தாண்டவில்லை, ராமும் மிச்சம் இருந்தது, டிஸ்க் மட்டும் விடாமல் 100-ல் நின்றது. எஸ்எஸ்டி போட்ட பிறகு அதிலேயே இன்றுவரை அவர்களின் பையன் படிக்கிறான்.

அதே பக்கத்தில் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஒன்று இருக்கும். பெரிய வேலை எதுவும் ஓடாதபோதும் அது ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டுக்கு எகிறிக்கொண்டே இருந்தால் டிஸ்கே செத்துக்கொண்டிருக்கலாம். முதலில் போட்டோக்களையும் ஆவணங்களையும் வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஜிபியு விவரம் எப்போது வந்தது? எனக்கு வெப்பநிலை தெரியவில்லையே?

கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியுவின் விவரம் 2017 அக்டோபர் அப்டேட்டில் வந்தது, வெப்பநிலை 2020 மே அப்டேட்டில். வெப்பநிலை தனி கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும்தான், டிரைவரும் புதியதாக இருக்க வேண்டும்.

இதில் அன்றாடம் உதவுவது 'வீடியோ டிகோட்' கிராஃப். யூடியூப் பார்க்கும்போதோ வீடியோ கால் பேசும்போதோ ஃபேன் அலறுகிறது, சிபியு உச்சத்தில் இருக்கிறது, வீடியோ டிகோட் மட்டும் 0% என்றால், ஜிபியு செய்ய வேண்டிய வேலையை சிபியு சுமந்துகொண்டிருக்கிறது. பிரவுசர் அமைப்புகளில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை ஆன் செய்யுங்கள், சரியாகவில்லை என்றால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். புதிய லேப்டாப்களில் என்பியு (ஏஐ வேலைகளுக்கான தனிப் பகுதி) இருந்தால் அதற்கும் தனி கிராஃப் வருகிறது. பெரும்பாலும் சமதளமாகக் கிடக்கும், அதைப் பயன்படுத்தும் ப்ரோக்ராம்கள் இன்னும் குறைவு.

எஃபிஷியன்சி மோட் போட்டால் கணினி வேகமாகுமா?

நீங்கள் எதற்குப் போடுகிறீர்களோ அது மெதுவாகும், அதனால் மற்றவற்றுக்கு மூச்சு கிடைக்கும். அந்த ப்ராசஸின் முன்னுரிமையைக் குறைத்து, சிபியுவைச் சிக்கனமான வேகத்தில் ஓட்டச் சொல்கிறது, பேட்டரியும் மிச்சம். பச்சை இலைக் குறியோடு தெரிபவை அதில் இருப்பவை. நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே எட்ஜுக்கும் குரோமுக்கும் இலை தெரிந்தால் பயப்பட வேண்டாம், பின்னணி டேப்களுக்கு அவை தாமே போட்டுக்கொள்கின்றன.

பட்டன் மங்கலாக இருக்கிறது என்பவர்களுக்கு: குழுவின் தலைப்பில் போட முடியாது, விரித்து உள்ளே இருக்கும் ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். விண்டோஸின் முக்கிய ப்ராசஸ்களுக்குப் போடவே விடாது. ப்ரோக்ராமை மூடித் திறந்தால் நீங்கள் போட்டது போய்விடும், இதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்திருக்கலாம்.

ஸ்டார்ட்அப்பில் எதையெல்லாம் நிறுத்தலாம்?

ஸ்டார்ட்அப் பக்கத்தில் ஒரு ப்ரோக்ராமுக்கு எதிரே 'ஹை' என்று எழுதியிருந்தால், கணினி ஆன் ஆகும்போது அது 1 விநாடிக்கு மேல் சிபியு நேரமோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்தது என்று அர்த்தம். 300 மில்லிசெகண்டுக்கும் 300 கேபிக்கும் கீழே இருந்தால் 'லோ'. லோவில் இருப்பதை நிறுத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை.

கேம் லாஞ்சர், மீட்டிங் ஆப், பிடிஎஃப் அப்டேட்டர், இவற்றைத் தயங்காமல் டிசேபிள் செய்யலாம், தேவைப்படும்போது நீங்கள் திறந்துகொள்ளலாம். டச்பேட், சவுண்ட், வைரஸ் தடுப்பு, இவற்றை விட்டுவிடுங்கள். தமிழில் தட்டச்சு செய்ய என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ வைத்திருப்பவர்கள் அதையும் தொடாதீர்கள், அடுத்த நாள் தமிழ் வரவில்லை என்று எனக்கு வந்த அழைப்புகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான்.

எல்லாவற்றையும் நிறுத்தியும் மெதுவாகத்தான் ஆன் ஆகிறதா? இந்தப் பட்டியலில் சர்வீஸ்களும் (விண்டோஸும் ப்ரோக்ராம்களும் பின்னணியில் ஓட்டும் வேலைகள்) ஷெட்யூல் செய்த வேலைகளும் வராது. அதற்கு மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் என்ற கருவி வேண்டும். மேலே 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று ஒரு எண்ணும் இருக்கும், அது 20, 30 விநாடி என்றால் தாமதம் விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே நடக்கிறது.

தினமும் ஷட்டவுன் செய்கிறேன், ஆனால் 'அப் டைம்' 9 நாள் என்கிறது?

விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸின் மையப் பகுதியை அப்படியே டிஸ்கில் எழுதி வைத்து, அடுத்த நாள் அதையே எடுத்து வருகிறது. உண்மையான புதுத் தொடக்கம் வேண்டுமென்றால் ரீஸ்டார்ட்தான். வாரத்துக்கு ஒருமுறை செய்யுங்கள், பாதிப் பிரச்சினை தானாகப் போய்விடும்.

'சர்வீஸ் ஹோஸ்ட்' ஏன் இத்தனை?

முன்பு பல சர்வீஸ்களை ஒரே ப்ராசஸில் கட்டி வைத்திருந்தார்கள், ஒன்று விழுந்தால் கூட இருந்தவையும் விழும். 2017-ல் விண்டோஸ் 10-க்கு வந்த கிரியேட்டர்ஸ் அப்டேட் முதல், 3.5 ஜிபிக்கு மேல் ராம் இருக்கும் கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பிரித்துவிட்டார்கள். எது சிபியுவைத் தின்கிறது என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது.

'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் ஆபத்தா?

சேமிக்காத வேலை போகும், அதுதான் முதல் ஆபத்து. எக்செல் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று நின்றால் உடனே கொல்லாதீர்கள். அதன் சிபியுவும் டிஸ்கும் அசைகிறதா என்று ஒரு நிமிஷம் பாருங்கள், அசைந்தால் அது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது, திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது. இரண்டும் பூஜ்யத்தில் கிடந்தால் டீடெய்ல்ஸில் அந்த வரியை ரைட் கிளிக் செய்து 'அனலைஸ் வெயிட் செயின்' பாருங்கள், வேறு எதற்காவது காத்துக்கிடக்கிறதா என்று சொல்லும், சில நேரம் பிரின்டருக்காக.

டாஸ்க்பார் உறைந்தால் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 11-ல் 2023 முதல் டாஸ்க்பாரிலேயே ரைட் கிளிக் செய்து எண்ட் டாஸ்க் கொடுக்கும் வசதியும் உண்டு, அமைப்புகளில் டெவலப்பர்களுக்கான பக்கத்தில் (புதிய அப்டேட்களில் 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில்) ஆன் செய்ய வேண்டும்.

டாஸ்க் மேனேஜரே பல தடவை ஓடிக்கொண்டிருந்ததாமே?

ஆமாம். 2025 அக்டோபர் கடைசியில் வந்த விண்டோஸ் 11 முன்னோட்ட அப்டேட்டில் அந்தக் கோளாறு இருந்தது. எக்ஸ் அழுத்தி மூடினாலும் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது, மறுபடி திறந்தால் இன்னொன்று சேர்ந்தது. அடுத்து வந்த அப்டேட்டில் சரிசெய்துவிட்டார்கள். அலுவலகக் கணினியில் முன்னோட்ட அப்டேட்களை அவசரப்பட்டுப் போடாமல் இருப்பதற்கு இது நல்ல காரணம்.

நான் விண்டோஸ் 10-ல் இருக்கிறேன். இதெல்லாம் எனக்கு வருமா?

2020 வரை வந்தவை இருக்கும். எஃபிஷியன்சி மோட், தேடல் பெட்டி, புதிய சிபியு கணக்கு எல்லாம் 11-ல் மட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவே 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

இன்னும் என்ன குறை?

சிபியு வெப்பநிலை இல்லை. நம் ஊர் மே மாத வெயிலில் லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்போது, சிபியு கிராஃபின் கீழே இருக்கும் 'ஸ்பீட்' எண் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்குவதை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதை விடப் பெரிய குறை, கிராஃப் கடந்த 60 விநாடியை மட்டும் காட்டுகிறது. "நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு ரொம்ப ஹேங் ஆச்சு" என்று ஒருவர் காலையில் சொல்லும்போது அந்த நேரத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க டாஸ்க் மேனேஜரில் வழியில்லை. அதனால்தான் எல்லாரிடமும் கேட்கிறேன், ஹேங் ஆகும் அந்த நிமிஷத்திலேயே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.